கோபத்துக்கு முந்தைய காட்சி

சென்னையில் டிவி நிகழ்ச்சிகளுக்கு எடிட்டிங் செய்வதுதான் என் பிழைப்பு. அதனால் ரியாலிட்டி ஷோவில் யாராவது கத்தினால், கத்துகிறவரின் முகத்தைவிட அதற்கு முந்தைய ஷாட் என்ன என்பதில்தான் என் கண் போய் நிற்கும். ஒருவர் கத்துகிறார் என்றால் அதற்கு முன் ஏதோ நடந்திருக்கும். யாரோ எதையோ சொல்லியிருப்பார்கள், கேலியாகச் சிரித்திருப்பார்கள், காதில் விழாத மாதிரி எழுந்து போயிருப்பார்கள். அது திரையில் இருக்கிறதா? இருந்தால் பார்க்கிறவர் "பாவம், அவளுக்கும் கோபம் வராதா" என்பார். இல்லாவிட்டால் "இவளுக்கு என்ன, எப்பப் பார்த்தாலும் சண்டைதான்" என்பார். கத்தலும் அதேதான், முகமும் அதேதான். நடுவில் பத்து விநாடி காணாமல் போயிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்க ரியாலிட்டி ஷோக்களைத் தொழிலுக்காகவும் பார்க்கிறேன், பிடித்தும் பார்க்கிறேன். பல வருடமாகப் பார்த்ததில் ஒரு விஷயம் உறுத்த ஆரம்பித்து, இப்போது அது இல்லாமல் எந்த ஷோவையும் பார்க்க முடியவில்லை. அந்தப் பத்து விநாடி எல்லோருக்கும் ஒரே மாதிரி காணாமல் போவதில்லை. கறுப்பினப் பெண்களுக்குத்தான் திரும்பத் திரும்பப் போகிறது. வெள்ளைக்காரப் பெண் அழுதால் அழுகைக்கான காரணத்தோடு அழுவாள். கறுப்பினப் பெண் கோபப்பட்டால், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருப்பவள் போல வந்து நிற்பாள்.

இந்த அச்சு ரியாலிட்டி ஷோவுக்கெல்லாம் ரொம்பப் பழையது. 1928-இல் அமெரிக்க வானொலியில் 'ஏமோஸ் அண்ட் ஆண்டி' என்றொரு நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஃப்ரீமன் காஸ்டன், சார்லஸ் கொரெல் என்ற இரண்டு வெள்ளைக்காரர்கள் கறுப்பினத்தவர் போலக் குரல் கொடுத்தார்கள். 1951-இல் சிபிஎஸ் அதை டிவிக்குக் கொண்டுவந்தபோது கறுப்பின நடிகர்கள் நடித்தார்கள். அதில் கிங்ஃபிஷ் என்று ஒருவன். வேலைக்குப் போகமாட்டான், ஊரை ஏமாற்றப் புதுப்புதுத் திட்டம் போடுவான், எல்லாம் கவிழும். அவன் மனைவி சஃபையர். எர்னஸ்டைன் வேட் அந்த வேடத்தில் நடித்தார். புருஷன் லட்சணம் அப்படி இருந்தால் எந்தப் பெண்தான் திட்டமாட்டாள்? ஆனால் பார்க்கிறவர்கள் சிரித்தது அவள் திட்டுவதைப் பார்த்துத்தான். கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்ஏஏசிபி அந்தத் தொடரைக் கடுமையாக எதிர்த்தது. 1953-இல் புது எபிசோடுகள் நின்றன. பழையவை மறுஒளிபரப்பில் 1966 வரை ஓடின. தொடர் போய்விட்டது, சஃபையர் போகவில்லை. அமெரிக்காவில் இன்றைக்கும் 'கோபக்காரக் கறுப்பினப் பெண்' என்ற வார்ப்புக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் சஃபையர்தான்.

சமூகவியலாளர் பட்ரீஷியா ஹில் காலின்ஸ் இப்படிப்பட்ட வார்ப்புகள் எதற்குப் பயன்படுகின்றன என்று விளக்கியிருக்கிறார். ஒருத்தி சுபாவத்திலேயே கோபக்காரி என்று நம்பவைத்துவிட்டால், அவள் எதற்குக் கோபப்படுகிறாள் என்று யாரும் விசாரிக்க வேண்டியதில்லை. சம்பளம் குறைவு என்றாலும், அவமானப்படுத்தினார்கள் என்றாலும், "அவ அப்படித்தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். எடிட்டிங் டேபிளில் இதைச் செய்வது எவ்வளவு சுலபம் என்று எனக்குத் தெரியும். அதுதான் என்னை எழுத வைக்கிறது.

எப்படிச் செய்வார்கள் என்று கொஞ்சம் சொல்கிறேன். ஒரு மணி நேர எபிசோட் என்றால் விளம்பரம் போக நாற்பது சொச்ச நிமிடம். அதற்கு மலைபோல ஃபுட்டேஜ் வந்து குவியும். அதிலிருந்து ஒரு கதை எடுக்க வேண்டும். கதைக்கு ஒரு வில்லி இருந்தால் வேலை சுலபம். இரண்டாவது நாள் ஒருவர் முகம் சுளித்த ஷாட்டை எட்டாவது நாள் நடந்த பேச்சுக்கு ரியாக்‌ஷனாகப் போடலாம். உடை ஒன்றாக இருந்தால் போதும். தனி அறையில் உட்காரவைத்து எடுக்கும் 'பைட்' என்ற பேட்டித் துண்டில் கேள்வி கேட்பவரின் குரல் வெட்டப்பட்டுவிடும். "அவளைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள், அவள் உங்களைப் பற்றி இப்படிச் சொன்னாளாமே" என்று துருவித் துருவிக் கேட்டு வாங்கிய பதில், யாரும் கேட்காமலே கொட்டிய வன்மமாகத் திரையில் வரும். இன்னொன்றும் உண்டு. வெவ்வேறு வாக்கியங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஒட்டி ஒரு புது வாக்கியம் செய்வது. அமெரிக்க எடிட்டர்கள் இதை ஃபிராங்கன்பைட் என்பார்கள். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் வேறு எங்காவது, நீச்சல்குளத்துக்கோ கதவுக்கோ போய், குரல் மட்டும் ஓடினால் கொஞ்சம் உஷாராகக் கேளுங்கள். ஒட்டு அங்கேதான் இருக்கும். கலந்துகொள்பவர்கள் கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் எப்படி வேண்டுமானாலும் வெட்டி ஒட்ட உரிமை கொடுத்திருப்பார்கள். பிறகு புலம்பித்தான் பார்க்கலாம்.

2004 ஜனவரியில் என்பிசியில் 'தி அப்ரெண்டிஸ்' தொடங்கியது. டொனால்டு டிரம்ப் தன் நிறுவனத்தில் ஒரு வேலைக்கு ஆள் எடுக்க நடத்திய போட்டி ஷோ. பதினாறு போட்டியாளர்கள், அதில் எட்டுப் பெண்கள். எட்டில் கறுப்பினப் பெண் ஒரே ஒருவர், ஒமரோசா. துணை அதிபர் அல் கோர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர், ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவர். ஒரு டாஸ்க்கின்போது கட்டட வேலை நடந்த இடத்தில் அவர் தலையில் பூச்சு பெயர்ந்து விழுந்தது. தலை வலிக்கிறது என்று அவர் சொன்னது, வேலைக்கு டிமிக்கி கொடுக்கும் பெண் என்ற கதையாகிவிட்டது. ஒமரோசா எந்தத் தப்பும் செய்யாதவர் என்று நான் வாதாட வரவில்லை. இறுதிச் சுற்றில் இன்னொரு போட்டியாளர் க்வாமி ஜாக்சனிடம் அவர் பொய் சொன்னது கேமராவில் இருக்கிறது. பின்னாளில் அந்த வில்லி வேடத்தை அவரே விரும்பி எடுத்துக்கொண்டு டிரம்பின் ஷோக்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தார், 2017-இல் வெள்ளை மாளிகை வேலைக்கும் போனார். ஆனால் பொய் சொன்ன, சூழ்ச்சி செய்த வெள்ளைக்காரப் போட்டியாளர்கள் ரியாலிட்டி டிவியில் ஏராளம். அவர்களை 'பலே விளையாட்டுக்காரன்' என்று ரசித்தவர்கள்தான் ஒமரோசாவை ஓர் இனத்துப் பெண்களுக்கே மாதிரியாக்கினார்கள். அதற்குப் பிறகு வந்த ஷோக்கள் ஆளுக்கொரு ஒமரோசாவைத் தேடின.

அடுத்த வருடம், 2005. 'அமெரிக்காஸ் நெக்ஸ்ட் டாப் மாடல்' நான்காவது சீசன். மயாமியைச் சேர்ந்த டிஃபனி ரிச்சர்ட்சன் வெளியேற்றப்படுகிறார். அழாமல் சிரித்துப் பேசிக்கொண்டே விடைபெறுகிறார். அதைப் பார்த்த நடுவர் டைரா பேங்ஸுக்குப் பொறுக்கவில்லை. "நாங்கள் எல்லோரும் நீ ஜெயிக்க வேண்டும் என்று துடித்தோம்" என்று தொண்டை கிழியக் கத்துகிறார். இணையத்தில் இருக்கும் யாரும் அந்தத் துண்டைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. மீம் ஆகி உலகம் சுற்றியது. இரண்டு கறுப்பினப் பெண்கள், ஒருவர் கத்துகிறார், ஒருவர் திமிராக நிற்கிறார். அந்தத் துண்டில் தெரிவது அவ்வளவுதான்.

முழு எபிசோடைப் போட்டுப் பாருங்கள். டிஃபனியை வளர்த்தது பாட்டி. பேத்தி போட்டிக்கு நீச்சலுடை வாங்க வேண்டும் என்று கரண்ட் பில் கட்டும் காசைக் கொடுத்த பாட்டி. அந்த வாரம் டெலிப்ராம்ப்டரில் ஓடும் வரிகளைப் படிக்கும் டாஸ்க். வாயில் நுழையாத ஐரோப்பிய ஃபேஷன் பெயர்களாக வருகின்றன. டிஃபனி தடுமாறி, வெறுத்துப்போய் பாதியில் விட்டுவிடுகிறார். டைரா கத்துவதற்குச் சற்று முன்பு டிஃபனி தன் நிலைமையைச் சொல்கிறார்: தன்னால் மாற்ற முடியாத விஷயங்களுக்காக அழுது அழுது அலுத்துப்போச்சு, ஏமாந்து ஏமாந்து அலுத்துப்போச்சு என்று. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? வறுமையிலிருந்து வந்த பெண், அழுதால் ஒன்றும் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட பெண், கேமரா முன்னால் அழ மறுக்கிறாள். மீமில் அந்த வாக்கியம் இல்லை. டைரா பக்கத்திலும் ஒரு கதை இருக்கிறது. கறுப்பினப் பெண்ணாக அந்தத் தொழிலில் ஏறி வந்தவர், இன்னொரு கறுப்பினப் பெண் கிடைத்த வாய்ப்பை விட்டுவிட்டாள் என்று பதறுகிறார். அந்தப் பதற்றமும் மீமில் இல்லை. மிஞ்சியது கூச்சல் மட்டும். இத்தனை வருடம் அந்தக் கூச்சலைப் பார்த்து உலகமே சிரித்துக்கொண்டிருக்கிறது.

இதே டைராவின் ஷோவில்தான் 2006-இல் டேனியல் எவன்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணை முன்பல் இடைவெளியை மூடச் சொல்லி நெருக்கினார்கள். சில வருடம் கழித்து ஒரு வெள்ளைக்காரப் போட்டியாளருக்கு அதே இடைவெளியை அழகு என்று அகலப்படுத்தினார்கள். 2020-இல் பழைய எபிசோடுகள் மறுபடி விவாதத்துக்கு வந்தபோது, அன்று எடுத்த சில முடிவுகள் சரியில்லை என்று டைரா ஒத்துக்கொண்டார்.

விஎச்1 சேனலைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. 2006 ஜனவரியில் 'ஃப்ளேவர் ஆஃப் லவ்' வந்தது. ஃப்ளேவர் ஃப்ளேவ் என்ற ராப் பாடகருக்காகப் பெண்கள் போட்டி போட வேண்டும். வந்த பெண்களுக்கு அவர் இஷ்டத்துக்குப் பட்டப்பெயர் வைப்பார், ஷோ முழுக்க அதுதான் பெயர். டிஃபனி பொல்லார்டு 'நியூயார்க்' ஆனார். வெளியேறும்போது ஒரு வெள்ளைக்காரப் போட்டியாளர் அவர் முகத்தில் துப்பிய காட்சி அந்த ஷோவின் புகழ்பெற்ற காட்சி. துப்பியது யாரோ, 'அடங்காப்பிடாரி' என்ற பட்டம் துப்பப்பட்டவருக்கு. ஷோ சக்கைப்போடு போட்டது. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இன்னும் பல வந்தன.

அட்லாண்டாவுக்கு வருகிறேன். 2008 அக்டோபரில் பிராவோ சேனலில் 'தி ரியல் ஹவுஸ்வைவ்ஸ் ஆஃப் அட்லாண்டா' தொடங்கியது. முதல் சீசனில் ஐந்து பெண்கள், நால்வர் கறுப்பினத்தவர். வசதியான கறுப்பினப் பெண்கள், பெரிய வீடு, சொந்தத் தொழில், நட்பு, பொறாமை. ஒரு கூட்டத்தில் ஒற்றை ஆளாக நிற்காமல் கறுப்பினப் பெண்களே கதையின் மையமாக இருந்தது அமெரிக்க டிவிக்குப் பெரிய விஷயம்தான். அதில் டிஷான் ஸ்னோ என்று ஒருவர். அமைதியானவர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர். ஒரே சீசனில் அவரை நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டதற்குத் தயாரிப்பாளர் ஒருவர் சொன்ன பதிலை டிஷானே பிறகு பேட்டியில் சொன்னார்: சர்க்கஸுக்கு நீங்கள் ரொம்பவே மனுஷியாக இருக்கிறீர்கள் என்றாராம்.

அந்தப் பதிலைப் படித்த அன்று என்னால் வேலை பார்க்க முடியவில்லை. எங்கள் தொழிலில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். "கன்டென்ட் இல்லை" என்பார்கள், "எனர்ஜி கம்மி" என்பார்கள். அந்தத் தயாரிப்பாளர் உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டார். எடிட்டர் என்னதான் வெட்டினாலும் டிஷானிடம் சர்க்கஸ் கிடைக்காது. அப்படியானால் ஆளையே வெட்டிவிட வேண்டியதுதான். நடிகர் தேர்விலேயே முதல் எடிட் நடந்துவிடுகிறது.

மிஞ்சியவர்களுக்குப் பாடம் புரிந்திருக்கும். 2014-இல் அதே ஷோவின் ஆறாவது சீசன் ரீயூனியன், அதாவது சீசன் முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசும் எபிசோட். கென்யா மூர் ஒரு கையில் செங்கோலும் இன்னொரு கையில் மெகாஃபோனுமாக வந்து, பக்கத்தில் இருந்த போர்ஷா வில்லியம்ஸைச் சீண்டுகிறார். போர்ஷா கென்யாவின் முடியைப் பிடித்து இழுத்துவிடுகிறார், போலீஸ் வழக்கு வரை போகிறது. ஊரெல்லாம் பேசியது அந்த இரண்டு பெண்களைப் பற்றி. எனக்குத் தோன்றிய கேள்வி வேறு. ரீயூனியன் என்பது செட்டில் எடுப்பது. யார் எங்கே உட்கார வேண்டும் என்பது வரை தயாரிப்பாளர்கள் தீர்மானிப்பது. காலர் மைக் மாட்டும் ஆள் இருக்கிறார், மேக்கப் ஆள் இருக்கிறார். இத்தனை பேரைத் தாண்டி ஒரு மெகாஃபோன் எப்படி சோபாவுக்கு வந்தது? மைக் மாட்டியிருப்பவருக்கு மெகாஃபோன் எதற்கு?

இந்தப் பெண்கள் ஏமாந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நீனி லீக்ஸ் அந்த ஷோவிலிருந்து டிவி தொடர்களுக்கும் பிராட்வே மேடைக்கும் போனார். கேண்டி பர்ரஸ் ஏற்கெனவே கிராமி வாங்கிய பாடலாசிரியர், ஷோவை வைத்துத் தன் தொழில்களைப் பெருக்கிக்கொண்டார். மற்ற கதவுகள் திறக்காத இடத்தில் திறந்த கதவு வழியாகப் போனவர்களை நான் குறை சொல்லமாட்டேன். தயாரிப்பாளர் நாற்காலியிலும் கறுப்பினப் பெண்கள் உண்டு. 'லவ் அண்ட் ஹிப் ஹாப்' மோனா ஸ்காட்-யங்குடையது. 'பாஸ்கெட்பால் வைவ்ஸ்' ஷோவுக்கு ஷானி ஓ'நீல் நிர்வாகத் தயாரிப்பாளர். ஆனாலும் பாட்டில் பறந்தது, மேஜை மேல் ஏறிச் சண்டை நடந்தது. எது விலைபோகும் என்பதைச் சேனல் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டால், நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதே சரக்குதான் வரும். 2022 ஏப்ரலில் நீனி லீக்ஸே பிராவோ மீதும் என்பிசி யுனிவர்சல் மீதும் இனப் பாகுபாடு என்று வழக்குப் போட்டார். சில மாதங்களில் அந்த வழக்கு நீதிமன்றத்தில் கைவிடப்பட்டது.

இத்தனை வருடமாக இதில் ஒரு சிக்கல் இருந்தது. "எடிட்டில் என்னை மாற்றிவிட்டார்கள்" என்று ஒரு பெண் சொன்னால் நம்ப யாருமில்லை. வெட்டிய ஃபுட்டேஜ் சேனலின் அலமாரியில் கிடக்கும், வெளியே யாருக்கும் வராது. 'பிக் பிரதர்' மட்டும் இதில் விதிவிலக்கு. நம் ஊர் 'பிக் பாஸ்' இதே ஷோவிலிருந்து வந்ததுதான். கமல்ஹாசன் வார இறுதியில் 'குறும்படம்' போட்டு, யார் என்ன சொன்னார் என்று நிரூபிப்பாரே, அது நினைவிருக்கிறதா? அமெரிக்காவில் பணம் கட்டினால் வீட்டுக்குள் நடப்பதை இரவு பகலாக லைவ் ஃபீடில் பார்க்கலாம். குறும்படத்தை யாரும் போட்டுக் காட்ட வேண்டியதில்லை, ரசிகர்களே எடுத்துக்கொள்வார்கள்.

2013-இல் இதன் பலன் தெரிந்தது. போட்டியாளர் ஆரின் கிரீஸ் வீட்டுக்குள் பேசிய இனவெறிப் பேச்சுகள் முதலில் சிபிஎஸ் எபிசோடில் வரவே இல்லை. லைவ் ஃபீட் பார்த்தவர்கள் அதை வெளியே கொண்டுவந்து சத்தம் போட்ட பிறகுதான் சேனல் ஒளிபரப்பியது. கறுப்பினப் போட்டியாளர் கேண்டிஸ் ஸ்டூவர்ட்டின் மெத்தையை ஆரின் புரட்டிப் போட்டதும், மற்றவர்கள் கேண்டிஸைக் கேலி செய்ததும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. வெட்டாமல் விட்டிருந்தால் முதல் வாரமே தெரிந்திருக்கும்.

2019-இல் இன்னும் மோசமான ஒன்று லைவ் ஃபீடில் வந்து விழுந்தது. கெமி ஃபகுன்லே என்ற கறுப்பினப் பெண் சக போட்டியாளரிடம் சொல்கிறார்: போட்டியாளர் தனியாகக் கேமராவிடம் பேசும் டைரி ரூமில் தன்னைக் கறுப்பினப் பெண்கள் பேசுவதாக டிவியில் காட்டுவார்களே, அந்த மாதிரி மிரட்டலாகப் பேசச் சொன்னார்கள், நான் அப்படிப் பேசுகிறவளே இல்லை என்று மறுத்துவிட்டேன் என்று. அதாவது எடிட்டுக்கு முன்பே, கேமரா ஓடும்போதே சஃபையரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஆகஸ்டில் சிபிஎஸ் அதிகாரி பத்திரிகையாளர்கள் முன்னால் ஒத்துக்கொண்டார். தயாரிப்பாளர் ஒருவர் எல்லை மீறிவிட்டார், கண்டித்தோம், தன்னை அறியாமலே இருக்கும் பாரபட்சத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்தோம் என்றார். கெமி அதற்குள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டிருந்தார். 1951-இல் சஃபையரை ஒளிபரப்பிய அதே சிபிஎஸ்.

2020 நவம்பரில் சிபிஎஸ் ஒரு முடிவை அறிவித்தது. இனி தன் ரியாலிட்டி ஷோக்களில் பங்கேற்பவர்களில் குறைந்தது பாதிப்பேர் வெள்ளையர் அல்லாதவர்களாக இருப்பார்கள் என்று. 2022 'பிக் பிரதர்' சீசனில் டெய்லர் ஹேல் உள்ளே வந்தார். முன்னாள் மிஸ் மிச்சிகன் யுஎஸ்ஏ. நிதானமாகப் பேசுவார், நேராக நிமிர்ந்து உட்காருவார். சில நாட்களுக்குள்ளேயே வீட்டில் பாதிப்பேருக்கு அவரைப் பிடிக்காமல் போனது. திமிர் பிடித்தவள், முரட்டுத்தனம், நம்ப முடியாது என்று மூலைக்கு மூலை பேச்சு. லைவ் ஃபீட் பார்த்தவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். அப்படி அவர் என்ன செய்தார் என்று எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. செய்யாததைத்தானே தேடினார்கள்.

அந்த ஜூலையில் ஒரு நாள். நிக்கோல் நாமினேஷனில் இருக்கிறார், வெளியேறும் வாய்ப்பு அதிகம். டெய்லர் போய் ஆறுதலாக நாலு வார்த்தை பேசுகிறார். நிக்கோல் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டு நண்பர் டேனியலிடம் சொல்கிறார். டேனியல் வந்து டெய்லரைப் பார்த்துக் குரலை உயர்த்துகிறார். டெய்லர் திருப்பிக் கத்தவில்லை. தான் பேசியது என்ன என்று விளக்கப் பார்க்கிறார், டேனியல் கேட்பதாக இல்லை. பிறகு டெய்லர் அழுகிறார். லைவ் ஃபீட் பார்த்த ரசிகர்கள் கையில் முதல் பேச்சும் இருந்தது, இரண்டாவது கத்தலும் இருந்தது. ஆறுதல் சொன்னவர் யார், கத்தியவர் யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. வெறும் எபிசோடாக மட்டும் வந்திருந்தால் என் தொழிலில் இருக்கும் யாராலும் அதை "டெய்லர் மறுபடி சண்டை மூட்டினார்" என்று சுலபமாக மாற்றியிருக்க முடியும். அந்த முதல் பேச்சை எடுத்துவிட்டால் போதும், வேறு எதையும் தொட வேண்டாம்.

வீட்டுக்குள்ளேயும் சிலருக்கு இது உறைத்தது. டெய்லரை ஒதுக்குவதில் ஏதோ சரியில்லை என்று பேசத் தொடங்கிய ஏழு பேர் ஒரு கூட்டணி சேர்ந்தார்கள், டெய்லரும் அதில் ஒருவர். செப்டம்பர் இறுதிப் போட்டியில் எட்டுக்கு ஒன்று என்ற வாக்கில் டெய்லர் ஜெயித்தார். 7,50,000 டாலர். பிரபலங்கள் பதிப்பை விட்டுவிட்டால், அந்த ஷோவின் அமெரிக்கப் பதிப்பை ஜெயித்த முதல் கறுப்பினப் பெண். ரசிகர்கள் தேர்ந்தெடுக்கும் அபிமானப் போட்டியாளர் பரிசும் அவருக்கே. இரண்டையும் ஒரே சீசனில் வாங்கியவர் அவருக்கு முன் யாருமில்லை. அவர் நல்லவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை என்பது என் கட்சி. டிஷான் ஸ்னோவும் நல்லவர்தான். டெய்லருக்கு நடந்தது முழுசாகப் பார்க்கக் கிடைத்தது.

காதல் ஷோக்கள் இந்த விஷயத்தில் இன்னும் நாசூக்கானவை. ஏபிசியின் 'பேச்சலர்' 2002-இல் தொடங்கியது. ஒரு நாயகனுக்காகப் பெண்கள் போட்டி போடும் ஷோ, 'பேச்சலரெட்'டில் நாயகிக்காக ஆண்கள். அதையும் 'பேச்சலரெட்'டையும் சேர்த்து 33 சீசன்கள் வரை கறுப்பினத்தவர் யாரையும் நாயகனாகவோ நாயகியாகவோ வைக்கவில்லை. 2017-இல் முதல் ஆளாக ரேச்சல் லிண்ட்சே வந்தார். டல்லாஸைச் சேர்ந்த வழக்கறிஞர். அவரைக் காதலிக்க வந்த ஆண்களில் ஒருவர் ட்விட்டரில் இனவெறிப் பதிவுகள் போட்டவர் என்று ஷோ ஓடும்போதே வெளிவந்தது. அப்படி ஓர் ஆள் எப்படித் தேர்வானார் என்பது ரேச்சல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியே இல்லை, ஆனால் அதைச் சுமந்தது அவர்தான். இறுதி எபிசோட் மூன்று மணி நேரம் ஓடியது. அவர் பிரையனைத் தேர்ந்தெடுத்தார், நிச்சயம் நடந்தது. எபிசோடில் பெரும் பங்கு தேர்ந்தெடுக்காத பீட்டரோடு பிரிந்த காட்சிக்குப் போனது. மேடையில் பீட்டரை எதிரே உட்காரவைத்துப் பழையதைக் கிளறினார்கள். ரேச்சல் இறுக்கமாகப் பதில் சொன்னார், "கோபக்காரி" என்று வசை வந்தது. மற்ற நாயகிகளுக்குக் கிடைத்த மங்களகரமான முடிவு தனக்குத் திரையில் கிடைக்கவில்லை என்று அவர் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். முத்தத்தையும் மோதிரத்தையும் சுருக்கி, மனஸ்தாபத்தை நீட்டினால் மகிழ்ச்சியான பெண்ணைக்கூடக் கசந்தவளாகக் காட்டலாம். ஒரு வார்த்தைகூடப் பொய் சேர்க்க வேண்டியதில்லை. நேரத்தைப் பங்கு பிரிப்பதும் எடிட்டிங்தான்.

2021 பிப்ரவரியில் அந்த ஷோவின் தொகுப்பாளர் கிறிஸ் ஹாரிசன் ரேச்சலுக்கே பேட்டி கொடுத்தார். அடிமை முறைக் காலத்துப் பண்ணை வீட்டு விருந்து போல உடையணிந்து ஒரு பார்ட்டிக்குப் போன போட்டியாளருக்காக அவர் பரிந்து பேசினார். ரேச்சல் அந்தப் பேட்டி முழுக்கக் குரலை உயர்த்தவே இல்லை. பொறுமையாகக் கேட்டார், இரண்டொரு இடத்தில் மறுத்தார். எடிட் செய்யாமல் நீளமாக வந்த பேட்டி. ஹாரிசன் ஷோவை விட்டு விலக வேண்டிவந்தது. ஆனாலும் ரேச்சலுக்கு வந்த வசவு தாங்காமல் அவர் கொஞ்ச காலம் இன்ஸ்டாகிராம் கணக்கையே முடக்கிவைத்தார். முழுசாகக் காட்டினாலும் எழுபது வருடத்து சஃபையர் சிலர் தலைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறாள், அவர்களுக்கு எந்த ஃபுட்டேஜும் போதாது.

சேனல்கள் பயப்படுவது விளம்பரதாரர்களுக்குத்தான் என்பதைக் கறுப்பினப் பெண்கள் சரியாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். 2013 ஜனவரியில் ஆக்ஸிஜன் சேனல் ஒரு நிகழ்ச்சியை ஒளிபரப்பும் முன்பே கைவிட்டது. ஒரு ராப் பாடகர், அவருடைய பதினொரு குழந்தைகள், பத்து அம்மாக்கள் என்று கேலிக்கூத்தாக்க இருந்தார்கள். சப்ரீனா லாம்ப் என்ற எழுத்தாளர் தொடங்கிய இணைய மனு அதைத் தடுத்தது. 2014 டிசம்பரில் விஎச்1-இன் 'சோராரிட்டி சிஸ்டர்ஸ்' வந்தது. கறுப்பினப் பெண்களின் கல்லூரிச் சங்கங்கள் நூறு வருடமாகச் சேர்த்துவைத்த மரியாதையைச் சண்டைக் காட்சியாக்கிய ஷோ. சங்கத்துப் பெண்கள் ஒவ்வொரு விளம்பர நிறுவனமாகத் தொடர்புகொண்டு கேள்வி கேட்டார்கள். நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. அடுத்த மாதமே ஷோ முடிந்தது. வழக்குப் போட்டு ஆகாதது இதில் ஆனது.

கறுப்பினப் பெண்கள் திரையில் கோபமே படக்கூடாது, எப்போதும் டெய்லர் மாதிரி நிதானமாகவே இருக்க வேண்டும் என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். அது இன்னொரு சிறை. 2024-இல் 'லவ் ஐலண்ட் யுஎஸ்ஏ' ஆறாவது சீசனில் செரீனா பேஜ் நன்றாகவே கோபப்பட்டார். அவரோடு ஜோடியாக இருந்த கோர்டெல் பெக்கம், ஜோடிகளைப் பிரித்துப் புது ஆட்களோடு தங்கவைக்கும் காசா அமோர் வாரம் முடிந்து இன்னொரு பெண்ணோடு வந்து நின்றார். செரீனா அவரை விடவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் முகத்துக்கு நேராகக் கேட்டார், குரல் உயர்ந்தது. காசா அமோரில் கோர்டெல் என்ன செய்தார் என்பதை ரசிகர்கள் ஏற்கெனவே எபிசோடில் பார்த்திருந்தார்கள். ஜானா, லியா என்று செரீனாவோடு நின்ற தோழிகளையும் பார்த்திருந்தார்கள், அவர் அழுததையும் பார்த்திருந்தார்கள். அதனால் அந்தக் கோபம் எல்லோருக்கும் புரிந்தது. கோர்டெல் தன் தப்பைச் சரிசெய்ய அலைந்தார். ஜூலையில் இருவரும் ஜெயித்தார்கள், ஒரு லட்சம் டாலர் பரிசு. அடுத்த வருடம் அதே ஷோவில் ஒலாண்ட்ரியா கார்தன், செல்லி பிசான்த் என்ற இரண்டு கறுப்பினப் பெண்கள் வந்தார்கள். சில வாரத்திலேயே அவர்கள் சிலரை மிரட்டுகிறார்கள் என்று சமூக வலைதளங்களில் பேச்சு கிளம்பிவிட்டது. நான் அந்த எபிசோடுகளை முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு வாக்குவாதத்துக்கும் முந்தைய ஷாட் எங்கே என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.